மாத்து ஆள்

அயர்லாந்தில் நாம் இருக்கிற இந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் எல்லாரும் டிரைவரைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை, கைத்தடி ஊன்றின பெரியவர், காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வருகிற பையன், ஒருத்தர் விடாமல். வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. மதுரை ஆரப்பாளையத்தில் நான் ஷேர் ஆட்டோ ஓட்டின காலத்தில் "ஓரமா நிப்பாட்டுண்ணே"தான் கேட்டிருக்கிறேன், இறங்கிய பிறகு ஒரு ஆள் திரும்பிப் பார்த்ததில்லை. கொண்டுவந்து சேர்த்ததற்கு ஒரு நன்றி என்பது பெரிய விஷயம் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. கொண்டுவந்து சேர்க்காமல் போகிற ரோடுகளும் இருக்கின்றனவே.

கயல், கதிர், இதை நான் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நீங்கள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறீர்கள். நானும் பத்தாவதோடு நின்றவன், பெரிய வார்த்தை எனக்கும் வராது. போன வாரம் அம்மா கயலைப் பார்த்துக் கத்தினாளே, அதற்குக் காரணம் சொல்லவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் இருப்பவர்களும், நம்மைப்போலக் கடல் தாண்டி வந்தவர்களும் படித்தால் படிக்கட்டும்.

அன்றைக்குக் காலையில் உங்கம்மாவுக்கு உடம்பு நெருப்பாகச் சுட்டது. இருமல் வேறு. அப்படியே யூனிஃபார்மைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள். கயல் சாதாரணமாகத்தான் சொன்னாள், "அம்மா, போன் பண்ணி சிக் சொல்லிட்டுப் படு. அவங்க வேற யாரையாவது போட்டுக்குவாங்க." அவ்வளவுதான். "வேற யாரையாவதுன்னா யார? பேரச் சொல்லு! யார போடுவாங்க?" என்று உங்கம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கயல் அழுதுகொண்டே பள்ளிக்கூடம் போனாள். அம்மா இருமிக்கொண்டே வேலைக்குப் போனாள். நான் நடு வீட்டில் நின்றேன்.

அந்தக் கேள்வி கயலைப் பார்த்துக் கேட்டது இல்லை. அது மதுரையில் கேட்ட கேள்வி.

உங்கம்மா கூலி வேலைக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவள். அந்தத் தெருவிலேயே முதல் முதலாக நர்ஸ் படித்தவள். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. பேர் வேண்டாம். சேரும்போதே அசல் சான்றிதழை எல்லாம் வாங்கி ஆபீஸ் பீரோவில் பூட்டிவிட்டார்கள், பாதியில் விட்டுப் போய்விடக் கூடாதாம். ஒரு வார்டு முழுக்க இரண்டு பேர் பார்க்கவேண்டும். டூட்டியில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் கேமராவில் தெரியும், கீழே இருந்து போன் வரும். பாத்ரூம் போக நேரம் இருக்காது என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டாள். சாயந்தரம் ஆட்டோவில் ஏறினதும் என் பாட்டிலை வாங்கி ஒரே மூச்சில் காலி செய்வாள். அதற்கப்புறம்தான் பேச்சு வரும்.

லீவு வேண்டும் என்றால் அங்கே ஒரு வழக்கம். இன்சார்ஜ் மேடம், அதாவது வார்டுக்குப் பெரிய நர்ஸ், லீவு தரமாட்டார். "மாத்து ஆள் விட்டுட்டுப் போ" என்பார். நம் இடத்துக்கு ஆளை நாமே கெஞ்சிக் கூட்டி வரவேண்டும். அப்படி வருகிறவள் தன் டூட்டியையும் பார்த்து, நம் டூட்டியையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இன்றைக்கு எனக்கு நீ, நாளைக்கு உனக்கு நான். நர்ஸ்கள் தங்களுக்குள் ஒருத்தர் தூக்கத்தை ஒருத்தர் கைமாற்றிக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள்.

உங்கம்மாவுக்கு அப்படி மாத்து ஆளாக நின்றவள் செல்வி. திருமங்கலம் தாண்டி ஒரு கிராமம். ஸ்கூட்டியில் வந்து போவாள். வாய் சும்மா இருக்காது. "அண்ணே, ஒங்க ஆட்டோவுல ஒரு சுத்து சுத்துனா படுத்த நோயாளி எந்திரிச்சு ஓடிருவான்ணே, எங்களுக்குப் பாதி வேல மிச்சம்" என்று என்னை ஓட்டுவாள். நானும் "ஒனக்கு வாயில ஊசி போட ஆளில்லயா தாயி" என்பேன்.

கயல், நீ அப்போது அம்மா வயிற்றில் இருந்தாய். மூன்றாம் மாதம் அம்மாவுக்கு லேசாக இரத்தம் பட்டது. டாக்டரம்மா படுத்தே இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி டூட்டி அம்மாவுக்கு. இன்சார்ஜுக்குப் போன் பண்ணினால் அதே பதில்தான். செல்வி பகல் டூட்டியில் நின்றுகொண்டிருந்தாள். விஷயம் தெரிந்ததும் அவளே கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"நீ படுடி. நான் பாத்துக்கிறேன்."

"பகலு பூராம் நின்னுருக்க, ராத்திரியுமா? முடியாதுடி."

"அம்புட்டு அக்கறையா? புள்ள பொறந்ததும் மொதத் துணி நான் எடுக்குறேன், குறுக்க ஒருத்தரும் வரக்கூடாது. வையி போன."

மறுநாள் வெயில் ஏறுகிற நேரத்தில் மறுபடி கூப்பிட்டாள். "எல்லாம் ஒப்படைச்சிட்டேன். ஒன் பெட்டு தாத்தா நல்லாருக்காரு, ஒன்னயத்தான் கேட்டாரு. வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போடுறேன். வாரேன்டி."

திருமங்கலம் போகிற நாலுவழிச் சாலையில், நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் ஸ்கூட்டி போய் மோதியிருக்கிறது. பிரேக் பிடித்த தடமே ரோட்டில் இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கண் சொருகியிருக்கவேண்டும். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போதே உயிர் இல்லை. "டூட்டியில நடக்கலயே, ரோட்டுலதான நடந்துச்சு" என்று ஆபீஸில் சொன்னார்கள். அன்று சாயந்தரமே செல்வி இடத்துக்கு மாத்து ஆள் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு உங்கம்மா லீவே எடுத்ததில்லை. நிறைமாதத்திலும் வார்டில் நின்றாள். நீங்கள் இரண்டு பேரும் கேட்டிருக்கிறீர்கள், அம்மா தூக்கத்தில் ஏன் "வண்டிய ஓரமாப் போடு, ஓரமாப் போடு" என்கிறாள் என்று. கனவு என்று சொல்லி உங்களைத் தூங்க வைத்தேன். அயர்லாந்துக்கு வந்தால் அது விட்டுவிடும் என்று நினைத்தோம். விசா நமக்கு மட்டும்தான் என்று நினைத்தது நம் அறியாமை.

இங்கேயும் எல்லாம் சொர்க்கம் இல்லை. ஆள் பற்றாக்குறை இங்கேயும் உண்டு. வராந்தாவில் கட்டில் போட்டு நோயாளிகள் கிடக்கிறார்கள், காரில் உட்கார்ந்து அழுதுவிட்டு வீட்டுக்குப் போகிற வெள்ளைக்கார நர்ஸை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் "போய் உட்கார்" என்று துரத்துகிறார்கள். உங்கம்மா இன்னும் நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறாள்.

உங்கம்மா கத்திவிட்டுப் போன அன்றைக்கு வார்டில் இருமலைக் கேட்டதும், நோரா என்கிற மேனேஜர் அம்மாவின் கையைப் பிடித்து வாசலுக்கே கூட்டி வந்துவிட்டார். நான் டெப்போவில் பஸ் கழுவிக்கொண்டிருந்தேன். "எனக்கு வேலை போயிருச்சுங்க" என்று போனில் அழுதாள். ஈர பூட்ஸோடு ஓடினேன். நோரா கோபமாக இல்லை. காய்ச்சலோடு வந்தால் நோயாளிக்குத்தானே ஆபத்து, படுத்து எழுந்து வரட்டும் என்றார். நோய் உடம்போடு வந்து நிற்பது விசுவாசம் என்று நாம் நினைத்தோம். இங்கே அது தப்பு.

"என் இடத்துக்கு யார்?" என்று உங்கம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். நோரா என் பக்கம் திரும்பி, "சம்பளம் பிடிக்கமாட்டோம், பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றார். நான் தலையாட்டினேன். செல்வியைச் சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இல்லை.

வீட்டுக்கு வந்தும் உங்கம்மா படுக்கவில்லை. "கேட்டுச் சொல்லுங்க. நேத்து டூட்டி பாத்தவளா? எங்கிருந்து வாரா?" கடைசியில் நான்தான் வார்டுக்குப் போன் போட்டேன். கீரா என்று ஒரு பொண்ணாம். லீவு நாளில் வந்திருக்கிறாள். வீடு தூரம், காரில் போகவேண்டும். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்: அவள் வீட்டுக்குப் போனதும் ஒரு மெசேஜ், ப்ளீஸ். நோராதான் எடுத்திருந்தார். "உங்கள் மனைவி நலமா?" என்றார். நலம் என்றேன்.

சாயந்தரம் டூட்டி முடிகிற நேரம். கோடைகாலம், வெயில் இன்னும் இருந்தது. உங்கம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தாள். கயல், நீ கோபத்தோடுதான் இருந்தாய். ஆனாலும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாய். எதற்குக் காத்திருக்கிறோம் என்று உனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் அம்மா பேச ஆரம்பித்தாள், யாரிடமும் இல்லாமல். "இப்பப் பாலம் தாண்டியிருப்பா… பழங்காநத்தம்… இனிமே நாலுவழிச் சாலதான். காத்து மொகத்துல அடிக்கும், அப்பத்தான் கண்ணு சொக்கும்." கீராவின் கார் அயர்லாந்தில் ஏதோ பச்சை வயல் நடுவே போய்க்கொண்டிருந்திருக்கும். உங்கம்மா கண்ணுக்குள் அது திருமங்கலத்தைப் பார்த்துப் போனது.

போனில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. நீதான் எடுத்து வாசித்தாய். வந்து சேர்ந்துவிட்டேன், டீ குடிக்கிறேன், உடம்பைப் பார்த்துக்கொள் என்று கீரா அனுப்பியிருந்தாள்.

"இன்னொரு தடவ வாசி" என்றாள் அம்மா. வாசித்தாய்.

"சரி. ஒருத்தி வீட்டுக்குப் போயிட்டா" என்றாள்.

நான் போய் படுக்கையைத் தட்டிப் போட்டுவிட்டுக் கூப்பிட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. உன் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணை மட்டும் வெளியே ரோட்டின் மேல் வைத்திருந்தாள்.