ஆறாம் தலத்துப் பெண்

எங்கள் பங்குக் கோயிலில் பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை மலைமேல் ஏறும். பதினான்கு தலங்களில் நின்று ஜெபிப்போம். ஆறாம் தலத்தில் கூட்டத்திலிருந்து ஒரு பெண் வந்து, இயேசுவாகச் சிலுவை சுமக்கிறவரின் முகத்தை வெள்ளைத் துணியால் துடைப்பாள். அவள்தான் வெரோணிக்கா. பல வருடங்களாக அந்தத் துணியோடு வந்தது என் அம்மா. மைக்கில் பைபிள் வாசிப்பது நான்.

இந்த வருடம் அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. துணியைத் தங்கைதான் எடுக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். தங்கையோ கல்யாணத்துக்குப் பிறகு ஒட்டன்சத்திரத்தில், பைபிளில் உள்ளதை மட்டும் ஏற்கிற ஒரு ஜெபவீட்டுக்குப் போகிறவள். கோயில் சிலைகளை, சுரூபங்களை வணங்குவது பற்றி என்னோடு சண்டை போட்டுக்கொண்டு போனவள், நான்கு வருடமாக மலையேறவில்லை. அம்மாவுக்காகத்தான் ஃபோன் செய்தேன்.

"பைபிள்ல இல்லாததை நான் செய்ய மாட்டேன்க்கா."

"வெரோணிக்கா பைபிள்ல இல்லையா? என்னடி பேசுற?"

"இருந்தா வசனத்தக் காட்டு. அன்னைக்கே பஸ் ஏறி வந்துர்றேன். இப்ப எனக்குச் சோலி கெடக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பவள் நான். கொல்லன் தெருவில் ஊசி விற்க வருகிறாள்! பைபிளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மத்தேயுவில் இல்லை. மாற்கில் சிலுவை தூக்க ஒருவரைப் பிடித்து வருகிறார்கள், முகம் துடைக்க யாரும் வரவில்லை. லூக்காவில் அழுகிற பெண்கள் இருக்கிறார்கள், துணி இல்லை. யோவானை இரண்டு முறை படித்தேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்த வாடை வந்தும் எழுந்திருக்கவில்லை. தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. இயேசு வழியில் மூன்று முறை விழுந்தாரே, அதுவும் இல்லை! எத்தனை பிள்ளைகளிடம் "பைபிள்ல இருக்கு" என்று அடித்துச் சொல்லியிருப்பேன்? வருடாவருடம் இதே பக்கங்களை மைக்கில் வாசித்த வாய்தானே இது? வெட்கத்தில் காது சுட்டது.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் போட்டு உடைத்தேன்.

"அம்மா, வெரோணிக்கா பைபிள்லயே இல்லம்மா."

"தெரியும்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நான் கல்யாணமாகி வந்த புதுசுலயே ஒரு பங்குச் சாமியார் சொன்னாரு. எழுதி வைக்கல, சனங்க வாய்வழியா சொல்லிச் சொல்லி வந்ததுன்னு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதான் டீச்சராச்சே. ஒனக்குத் தெரியாதுன்னு நான் என்னத்தக் கண்டேன்?"

கோபம் தலைக்கேறியது. "அப்புறம் எதுக்கு அவதான் வரணும்னு அடம்பிடிக்கிற? இனி எந்த வசனத்தக் காட்டி நான் கூப்பிட?"

அம்மாவின் கை நின்றது. "துணிய யாரு வேணாலும் எடுக்கட்டும். அவ முகத்தப் பார்த்து நாலு வருசமாச்சு. வேற என்ன சொல்லிக் கூப்பிடறதுன்னு எனக்குத் தெரியல."

அதை அம்மா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அங்கேயே நின்று தங்கையைக் கூப்பிட்டேன். "தேடிட்டேன்டி. இல்ல. நீ சொன்னதுதான் சரி. அம்மா ஒன் முகத்தப் பார்க்கணுங்குது."

 

"இத ஏன்க்கா நாலு வருசமா யாருமே எங்கிட்டச் சொல்லல?" என்றாள்.