மாயக்காள் இறக்கிய இன்ஜின்

மாயக்காள் அக்காவின் டாக்சியைப் பதினோரு வருடம் ஓட்டினேன். அத்தனை வருடத்தில் இரண்டாவது தடவையாக அந்த வண்டியைக் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் விடும் பாக்கியம் எனக்கு வாய்க்கவே இல்லை. அங்கே விட்டால் டிரைவருக்கு ஃபேன் காற்று, டீ, நிம்மதியாக ஒரு தூக்கம். அக்காவிடம் அந்தப் பேச்சே எடுக்க முடியாது. எண்பத்தொன்றாம் வருடம் நடந்த சங்கதிதான் காரணம்.

அக்காவின் புருஷன் விருமாண்டி மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தபோது விட்டுப்போனவை, கோச்சடையில் ஒரு ஓட்டு வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகள், ஒரு பழைய அம்பாசிடர் டாக்சி. பொம்பளை டாக்சி நடத்துவாளா என்று ஊர் வாயில் போட்டு மென்றது. கொழுந்தன் பேயாண்டி நேராகவே கேட்டான்.

"வண்டிய எனக்குக் குடுத்துருங்க மதினி. அண்ணன் வண்டி வெளிய போகக்கூடாது."

கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். அண்ணன்மேல் அவனுக்கு உயிர். ஆனால் வண்டி போனால் மதினி களையெடுக்கப் போக வேண்டும், பிள்ளைகள் படிப்பை நிறுத்த வேண்டும் என்பது மட்டும் அவன் மண்டையில் ஏறவில்லை. அக்கா என்னை டிரைவராக வைத்துக்கொண்டு வண்டியை ஓடவிட்டார்.

ஒன்றரை வருடம் ஓடியது. பிறகு புகை கக்க ஆரம்பித்து, ஒரு நாள் ஒரேயடியாக நின்றுவிட்டது. எஃப்.சி. முடியப் பதினெட்டு நாள்தான் இருந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் ஓட்டிப் பார்த்து எழுதிக் கொடுக்காவிட்டால் டாக்சி ரோட்டில் போக முடியாது. நான்தான் ஆள் வைத்துக் கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போனேன், அக்காவும் கூட வந்தார். அங்கே மேனேஜர் பானெட்டைத் திறந்து பார்த்து உடனே மூடினார்.

"இன்ஜின் போச்சும்மா. கிராங்க் முதக்கொண்டு மாத்தணும். நாலாயிரத்து இருநூறு ஆகும்."

"எது போச்சு, கழட்டும்போது நான் பக்கத்துல நிக்கலாமா?" என்று அக்கா கேட்டார்.

"பார்ட்டிய உள்ள விட மாட்டோம்."

"மாத்துற பழைய சாமானையாவது சாக்குல கட்டிக் குடுப்பீகளா?"

"அந்த வழக்கமெல்லாம் இங்க இல்ல."

அக்கா சேலை முந்தானையை இழுத்துச் செருகினார். "பொன்ன அழிக்கக் குடுத்தாக்கூட ஆசாரிக்கு எதிர்க்க உக்காந்து பாக்குறோம். நாலாயிரத்தக் குடுத்துட்டு நான் வாசல்ல நிக்கணுமா? கருத்தக்கண்ணா, வண்டிய வெளிய எடு."

எதை வைத்து எடுப்பது? என் சித்தப்பா மகன் மாட்டுவண்டியைக் கொண்டுவந்து, பம்பரில் கயிறு கட்டி இழுத்தான். நான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருந்தேன். ஆற்றோரம் வரும்போது ஒருவன், "அண்ணே, மாடு பூட்டுன டாக்சிக்கு மீட்டர் எம்புட்டுண்ணே?" என்று கேட்டான். மானம் போயிற்று. அக்கா மாட்டுக்கு முன்னால் நடந்து போனார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டு வேப்பமரத்தடியிலேயே ஆள் வைத்து இன்ஜினைப் பிரிப்பது என்று அக்கா முடிவு செய்திருந்தார். அது தெரிந்து வாசலில் பேயாண்டி காத்திருந்தான். "மரத்தடில இன்ஜினப் பிரிச்சா திரும்பக் கூடுமா மதினி?"

"கூடும். எஃப்.சி. வாங்கலன்னா வண்டிய ஒம் பேருக்கே எழுதித் தாரேன். வாங்கிட்டா இனிமே அந்தப் பேச்சு பேசக்கூடாது."

அன்றைக்கே அக்கா என்னை மெக்கானிக்கைக் கூட்டிவர அனுப்பினார்.

பஸ் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற ஹாலாஸ்யம் ஐயர் வந்தார். மொத்தமாகப் பேசி வேலை எடுக்க மாட்டார், நாள்கூலிதான். மொத்தமாகப் பேசினால் கை தானாக அவசரப்படும் என்பார். வேப்பமரக் கிளையில் சங்கிலி கட்டி இன்ஜினை இறக்கினோம். ஐயர் கழற்றிய ஒவ்வொரு சாமானையும் அக்கா மண்ணெண்ணெயில் கழுவி, சாக்கில் வரிசையாக வைத்து, இது என்ன, இது எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"கிராங்க் கல்லு மாதிரி இருக்கும்மா," என்றார் ஐயர். "பிஸ்டன் ஓடுற போர்தான் தேஞ்சிருக்கு. லேத்துல கடைஞ்சு, பெரிய சைஸ் பிஸ்டன் போட்டாப் போறும்."

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, கம்பெனிக் கணக்கு அப்படித்தான் இருந்திருக்கிறது. பழைய பிஸ்டனையும் பேரிங்கையும் மடியில் கட்டிக்கொண்டு அக்கா கடை கடையாக ஏறினார். "இதே மாதிரி, இதவிட ஒரு அளவு பெருசு" என்று எடுத்து நீட்டுவார். மூன்றாவது கடைக்குள் நுழையும்போது கடைக்காரனுக்கே விலை சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தார். எல்லாம் சேர்த்து ஆயிரத்து அறுநூறுக்குள் முடிந்தது.

பன்னிரண்டாம் நாள் இன்ஜின் ஓடியது. ஐயர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கடைஞ்ச இன்ஜின், பச்சப்புள்ள மாதிரி. ஐந்நூறு கிலோமீட்டர் நாப்பதுக்கு மேல போகப்படாது, பாரம் ஏத்தப்படாது. அப்பறம் ஆயில மாத்தி, ஹெட்ட டைட் பண்ணித் தரேன். அதுக்கப்பறந்தான் இன்ஸ்பெக்டர் கையில குடுக்கணும்."

மறுநாள் விடியும்போது வாசலில் ஒன்பது பேர், ஒரு கிடாய். வண்டிக்கு வேலை பார்த்தால் முதல் ஓட்டம் குலசாமி கோயிலுக்கு, பங்காளிகள் எல்லோரும் ஏறிக்கொண்டு போக வேண்டும். எங்கள் பக்கம் இதை மீறி ஒருவனும் வண்டி ஓட்டியதில்லை. கோயில் செக்கானூரணிக்கு மேற்கே இருந்தது.

"பஸ்ஸுல வாங்க," என்றார் அக்கா. "நான் காசு தாரேன். வண்டில யாரும் ஏறக்கூடாது."

பேயாண்டிக்கு முகம் சிவந்தது. "அண்ணன் இருந்தா இப்படிச் சொல்லுமா? பங்காளிய எறக்கிவிட்டுட்டு சாமி கும்பிட்டா வெளங்குமா?"

"சாமிக்குத் தெரியும் என் நெலம. இன்ஜினுக்குத் தெரியாது."

ஒருவரும் பஸ் ஏறவில்லை. கிடாயையும் கையோடு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். பங்காளி இல்லாமல் கிடாய் வெட்ட முடியாது. அக்கா சூடம் மட்டும் கொளுத்திவிட்டு வந்தார். திரும்பும் வழியெல்லாம் அழுதார். மாட்டுவண்டி இழுத்தபோது அழாத பொம்பளை அன்றைக்கு அழுதது எனக்குப் பொறுக்கவில்லை.

மிச்சக் கிலோமீட்டரை ஓட்டியாக வேண்டும், பெட்ரோலுக்குக் காசும் வேண்டும். நாலு நாள் அக்கா என்னோடு டாக்சி ஸ்டாண்டில் நின்று சவாரியைத் தேர்ந்தெடுத்தார். ஆள் ஒல்லியாக இருக்க வேண்டும், இரண்டு பேருக்கு மேல் கூடாது, மூட்டை முடிச்சு ஆகாது. தடியான ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் கதவைத் திறந்தபோது, "நீங்க அடுத்த வாரம் வாங்கண்ணே" என்று சொல்லிச் சாத்தினார். கொட்டாம்பட்டிக்கு ஒரு வாத்தியாரை நாற்பதில் ஓட்டிக்கொண்டு போனேன். சைக்கிள்காரன் முந்திவிடுவான் போலிருக்கே என்று அவர் முனகிக்கொண்டே வந்தார்.

ஐந்நூறு முடிந்தது. ஐயர் ஆயிலை மாற்றி, போல்ட்டையெல்லாம் முடுக்கினார். கெடுவின் கடைசி நாள், எஃப்.சி. மைதானத்தில் இன்ஸ்பெக்டர் வண்டியில் ஏறி, அழுத்தி ஓட்டி, ஓங்கி பிரேக் போட்டார். புகை இல்லை. இறங்கிக் கையெழுத்துப் போட்டார்.

மைதானத்து ஓரத்தில் பேயாண்டி நின்றிருந்தான். வண்டி தோற்பதைப் பார்க்கத்தான் வந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் நழுவப் பார்த்தான். அக்கா கூப்பிட்டார்.

"பேயாண்டி, ஐந்நூறு முடிஞ்சிருச்சு. இனி பாரம் ஏத்தலாம். ஊருக்குப் போயி எல்லாரையும் ஏத்துவோம், கிடாயையும் கொண்டாரச் சொல்லு."

அவன் வந்து பின்சீட்டில் உட்கார்ந்தான். கோச்சடை வந்ததும் வீட்டு வாசலில் இறங்கினான்.

"அண்ணன் இருக்கும்போதுகூட இம்புட்டு சத்தமில்லாம ஓடுனதில்ல மதினி," என்று சொல்லிவிட்டு, பங்காளிகளைக் கூப்பிடப் போனான்.