படலையில் கட்டிய வேப்பிலை

காலை ஆறு நாற்பது. மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த மனைவி பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு, "இஞ்சருங்கோ, ஒருக்கா வந்து பாருங்கோ" என்றாள். மகளின் பிடரியில் மூன்று சிறிய கொப்புளங்கள். உள்ளே தெளிந்த நீர். நெற்றியைத் தொட்டேன், சுட்டது.

வேறு பிள்ளையென்றால் கொப்பளிப்பான் அம்மை, அம்மாள் வந்திருக்கிறாள் என்று வேப்பிலையில் கிடத்தியிருப்போம். எங்கள் மகளுக்கு லூபஸ். அவளுடைய உடம்பு தன் சிறுநீரகத்தையே பகையென்று எண்ணித் தாக்குகிறது. கிளினிக் டொக்டர் எங்களுக்கு விளங்கும்படி சொல்லியிருந்தார்: "வளவு நாய் வீட்டுக்காரரையே கடிக்குது. இந்தக் குளிசை அதைக் கட்டிப்போடும். ஆனால் பிறகு கள்ளன் வந்தாலும் குரைக்க ஆளில்லை. கொப்பளிப்பான் கண்டால் உடன கொண்டு வாங்கோ. சுவாசப்பைக்குப் போக விடக்கூடாது. குளிசையை நீங்களா நிப்பாட்டவும் வேண்டாம்."

மோட்டார் சைக்கிளில் இருக்க அவளால் முடியவில்லை, தலை சுற்றியது. முரசுமோட்டைச் சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரத் தம்பிக்கு அழைத்தேன். "பிள்ளைக்குக் காய்ச்சல், கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்" என்றேன். "இந்தா வெளிக்கிட்டிட்டன் ஐயா" என்றார்.

காலைக் குளிசைகளை எடுத்து நீட்டினேன். மனைவி வாங்கவில்லை.

"அம்மாள் வந்திருக்கேக்கை மருந்து குடுக்கிறதோ?"

"குடுக்காமல் விட்டால் சிறுநீரகம் போயிடும்."

அவள் மகளின் நெற்றியில் திருநீறு பூசினாள், கண்களை மூடி எதையோ முணுமுணுத்தாள், பிறகு குளிசையைக் கொடுத்தாள்.

"அம்மாளுக்கும் ரெண்டு குளிசை குடுங்கோ அம்மா," என்றாள் மகள். "குளிசையாலை ஊதின என்ரை முகம் மாதிரி அவான்ரையும் பூசணிக்காய் ஆகட்டும்."

"வாயைப் பொத்தடி!" என்ற மனைவி, சிரிப்பும் அழுகையுமாகக் குசினிக்குள் போனாள்.

ஓட்டோ வரவில்லை. திரும்ப அழைத்தேன், மணி அடித்து ஓய்ந்தது. மகள் ஒருமுறை இருமினாள். அதற்குப் பிறகு அவளுடைய ஒவ்வொரு மூச்சையும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் இறங்கிவிட்டதா? அம்புலன்சுக்கு அழைத்தபோது, அது வேறு இடத்துக்குப் போய்விட்டது, திரும்பக் கொஞ்ச நேரம் செல்லும் என்றார்கள். எவ்வளவு என்று கேட்டேன். அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பொறுக்க முடியாமல் வேலிப் படலையடிக்குப் போனேன். இரவு பெய்த மழையில் மண் ஈரமாக இருந்தது. படலை வரைக்கும் ஓட்டோவின் சில்லுத் தடம் வந்து, வளைந்து, திரும்பிப் போயிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். படலையில் பச்சை வேப்பிலைக் கொத்து.

"நீயா கட்டினனீ?" என்று பின்னால் வந்து நின்ற மனைவியைக் கேட்டேன்.

"கட்டாட்டி ஆரும் தெரியாமல் உள்ளுக்கை வந்திடுவினமெல்லோ? வேறை வருத்தத்தையும் கொண்டு வந்து பிள்ளைக்குக் குடுத்தால்?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வேப்பிலை கட்டிய வீட்டில் எங்களூரில் யாரும் கூப்பிட மாட்டார்கள், ஹோர்ன் அடிக்க மாட்டார்கள். அம்மாளைக் குழப்பாமல் சத்தமின்றித் திரும்பிவிடுவார்கள். அந்தத் தம்பியும் அதைத்தான் செய்திருக்கிறார். கொத்தை அவிழ்க்கக் கையை உயர்த்தினேன். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் இழுக்கவில்லை, எனக்கும் பயம்.

அவளுடைய ஃபோனிலிருந்து தம்பிக்கு அழைத்தேன். எடுத்தார்.

"ஐயா, கோவிக்காதேங்கோ. அம்மாளை ஆஸ்பத்திரிக்கு ஏத்திறது பாவமெல்லோ? மருந்தெடுத்தால் அவாக்குக் கோவம் வரும்."

"தம்பி, பிள்ளையின்ரை உடம்பிலை எதிர்த்து நிக்கிற சக்தியை நாங்களே மருந்து குடுத்து அடக்கி வைச்சிருக்கிறம். வந்தது தானாப் போகாது. இண்டைக்கு ஊசி போடாட்டி..." தொடர்பு அறுந்தது.

மகள் சுவரில் சாய்ந்து கண்களை மூடியிருந்தாள். கழுத்தில் புதிதாக இன்னும் இரண்டு. அவளைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு நடப்பதென்று எழும்பினேன்.

அப்போது ஒழுங்கையில் ஓட்டோச் சத்தம் கேட்டது. தம்பி படலைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, வேப்பிலையைத் தொட்டுக் கும்பிட்டு உள்ளே வந்தார். ஒரு சிறு கொத்தை முறித்து ஓட்டோவின் முன்கண்ணாடியில் செருகினார்.

"எனக்குச் சின்னனிலையே வந்து போட்டுது, பயமில்லை," என்றார். "தங்கச்சியை ஏத்துங்கோ ஐயா. அம்மாளும் கூட வரட்டும். அவாவை இறங்கச் சொல்ல நான் ஆர்?"