திமிங்கிலத்தின் வாலில் முளைத்த பல்

ஸ்கிடகேட் என்ற தீவுக் கிராமத்தில் ரூஃபஸின் உளி படாத மரம் உண்டோ என்னவோ, அவன் நாக்கு படாத ஆள் கிடையாது. ஆண்டவர் கையிலும் வாயிலும் அவனுக்கு வாரிக் கொடுத்தார். பல் விஷயத்தில் மட்டும் கையை இழுத்துக்கொண்டார். ஐம்பது வயதுக்குள் மேல்வரிசை முழுக்கப் போய்விட்டது. கட்டுப்பல் பெரும்பாலும் சட்டைப்பையில்தான் குடியிருந்தது.

அவனுடைய அம்மாவின் கல்லறைக்குக் கல் வைக்கும் விருந்து வந்தது. சாட்சிக்கு வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியாதே. அம்மா வழியில் வந்த குலச்சின்னம் கொலைத்திமிங்கிலம். பரிசாகக் கொடுக்க அதைப் படமாக வரைந்து, ஸ்கிரீன் வைத்துத் தாளில் அச்சடித்து, கொட்டகை முழுக்கக் கொடிகட்டிக் காயப்போட்டான். வால் மூட்டுக்குள் சின்னதாக ஒரு முகம், எல்லாரும் வைப்பதுதான். இவன் அழகுக்கென்று அதன் வாயில் இரண்டு பெரிய முன்பல்லும் வைத்தான்.

விருந்துக்கு முந்தின நாள் மீன் கொண்டுவந்த மச்சான் மெல்வின், கொடிக்கு அடியில் அப்படியே நின்றுவிட்டான். ஊர்க் குலங்கள் எல்லாம் இரண்டு பக்கம்: ரூஃபஸ் காகப் பக்கம், மெல்வின் கழுகுப் பக்கம். ஒரு குலத்தின் சின்னத்தை இன்னொரு குலம் கேட்காமல் போட்டால் அது திருட்டு. மெல்வின் குலத்துச் சின்னம் மரம் கொறிக்கும் பீவர். பீவருக்கு அடையாளமே அந்த முன்பல் இரண்டும்தான்.

“மச்சான், உங்க திமிங்கிலத்து வாலுல எங்க பீவரு உக்காந்து இளிக்குது. யாரக் கேட்டு ஏத்துன?”

மெல்வின் தான் சிரித்துவிட்டுப் போய்விடலாம் என்றும், குலத்துக்குப் பெரியவரான தன் தாய்மாமன் நாளைக்குச் சிரிக்க மாட்டார் என்றும் சொன்னான். ஊர் கூடியிருக்கும்போது அவர் எழுந்து கேட்டால், அம்மாவுக்கு வைத்த விருந்து மகனின் திருட்டுக்கு வைத்த விருந்தாகிவிடும். புதிதாக அடிக்கலாமென்றால் தாள் இல்லை. காற்றுக்குப் பயந்து கப்பலும் வரவில்லை.

ரூஃபஸின் மனைவி லவீனா, மெல்வினின் அக்கா, வந்து பார்த்தாள். அவளுக்கும் முன்பல் கொஞ்சம் பெரிசு.

“இத்தன வருசமா என் மூஞ்சியவே பாத்தா கை வேற எத வரையும்? பல்லப் புடுங்கிடுய்யா. உனக்குத்தான் பழக்கமாச்சே.”

மூன்று பேரும் ஆளுக்கொரு தூரிகை எடுத்தார்கள். தன் குலத்து பீவரைத் தானே வெளியேற்றுவதாகச் சொல்லிக்கொண்டு மெல்வினும் கறுப்பு மை பூசினான். விடிவதற்குள் எல்லா வாலிலும் பல் போய்விட்டது.

மறுநாள் விருந்துக் கூடத்தில் மெல்வினின் தாய்மாமன் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார், தூரத்தில் பிடித்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை நின்றது.

“வாலுல இருக்கிறது யாரு?”

ரூஃபஸ் எழுந்தான். கட்டுப்பல்லைக் கழற்றிப் பையில் போட்டான். ஈறு தெரிய இளித்தான்.

பெரியவர் படத்தைப் பார்த்தார், வாயைப் பார்த்தார். “எங்க ஆளு இல்ல” என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, மீன்முட்டைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.