லூயிஸுக்குக் கோதண்டம் சொன்ன சாட்சி

ராயபுரத்தில் ஒரு ஆம்பளைக்குப் பட்டப்பகலில் கால் பின்னினால், ஊர் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் கண்டுபிடிக்கும். லூயிஸுக்கு எழுபத்தெட்டு வயது. கால் பின்னுகிறது, கை நடுங்குகிறது, நாக்கு குழறுகிறது. டீக்கடையில் கிளாஸை அவர் கையில் கொடுப்பதில்லை, பெஞ்சில் வைத்துவிடுகிறார்கள். ஷேர் ஆட்டோக்காரன் அவர் கை காட்டினால் பார்க்காததுபோல் போகிறான். "பெரிசு காலங்காத்தாலயே ஏத்திகினு வந்துச்சுபா" என்று சிரிக்கிற வாய்களில் பாதி, முந்தின நாள் ஒயின் ஷாப்பில் வரிசையில் நின்ற வாய்கள்தான். குடிகாரனுக்கு இன்னொரு குடிகாரனைக் காட்டிச் சிரிப்பதில் இருக்கிற சுகம் வேறு எதிலும் கிடையாது.

ஆனால் லூயிஸ் ஒரு சொட்டு குடித்ததில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவருடைய அப்பா, கப்பல்காரர்கள் விட்டுப்போன பத்திரிகைகளிலிருந்து ஹெவி வெயிட் குத்துச்சண்டைக்காரர்களின் படங்களை வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். ஜோ லூயிஸ், ராக்கி மார்சியானோ, இன்னும் பேர் தெரியாத சில தடியர்கள். அந்தோணியார் படத்துக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கும் இடம் இருந்தது. அந்த முதல் ஆளின் பேரைத்தான் மகனுக்கு வைத்தார். அதே அப்பா குடித்துக் குடித்து ஈரல் வெந்து செத்தபோது மகனுக்கு வயது பன்னிரண்டு. பிணத்தை எடுத்த அன்றே அந்தோணியார் படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தவர், தன் கல்யாணத்தில் நீட்டிய ஒயினைக்கூட வேண்டாம் என்றுவிட்டார்.

அப்பாவின் ஆசைப்படி குத்துச்சண்டைக்காரர் ஆனார். வடசென்னையில் கிளவுஸ் மாட்டியவர்களுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. ஹெவி வெயிட்டுக்குத்தான் பஞ்சம். கஞ்சியையும் கருவாட்டையும் தின்று தொண்ணூறு கிலோ ஏறுகிற உடம்பு எத்தனை கிடைக்கும்? லூயிஸின் எடைக்கு எதிரே நிற்க ஒரே ஒரு ஆள் இருந்தார், வியாசர்பாடி கோதண்டம், கரி மூட்டை தூக்கியவர். வேறு ஆள் இல்லாததால் இவர்கள் இரண்டு பேரையே மாற்றி மாற்றி மோதவிட்டார்கள். எட்டு வருஷத்தில் பதினாலு சண்டை. மற்ற எடைக்காரர்களுக்கு அடி பல பேரிடமிருந்து வந்தது. லூயிஸுக்கு வாழ்நாள் அடி முழுக்கக் கோதண்டத்தின் வலது கையிலிருந்து வந்தது. பொட்டிலும் தாடையிலும் அத்தனையையும் வாங்கிக்கொண்டு ஒரு தடவைகூடக் கீழே விழவில்லை. விழுந்திருந்தால் தப்பித்திருப்பார், பாவி மனுஷன்.

அந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு முறை உண்டு. அடி வலித்தது என்று வாயால் சொல்லக்கூடாது. சண்டை முடிந்து ஐம்பது வருஷம் ஆனாலும் கூடாது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், "தலையில எப்பவாவது பலமா அடி பட்டிருக்கா?" என்று கேட்டபோது லூயிஸ் நிமிர்ந்து உட்கார்ந்து, "இல்ல சார்" என்றார். "குடிப்பழக்கம்?" "இல்ல சார்." டாக்டர் லேசாகச் சிரித்துக்கொண்டு மாத்திரை எழுதினார். வெளியே காத்திருந்த மனைவி ஐரீன் இதைக் கேட்டுத் தலையிலடித்துக்கொண்டாள். ஊரிலேயே அவரைச் சந்தேகப்படாத ஒரே ஜீவன் அவள்தான்.

இந்த வருஷம், புனித வெள்ளிக்கு முந்தின பெரிய வியாழக்கிழமைப் பூசையில் பாதம் கழுவ, லூயிஸின் தெருக்காரர்கள் சேர்ந்த அன்பியக் குழுவிலிருந்து அவர் பேரைக் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டு சீடர்களாகப் பன்னிரண்டு பேர் வெள்ளை வேட்டியில் பீடத்துக்கு முன்னால் உட்கார வேண்டும். பங்குச் சாமியார் ஃபாதர் சைமன் குனிந்து அவர்கள் பாதத்தைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். லூயிஸுக்கு அந்த நாற்காலி தேவைப்பட்டது. கோயில் சனம் முழுக்கப் பார்க்க அதில் உட்கார்ந்து எழுந்துவிட்டால் அப்புறம் எவன் அவரைக் குடிகாரன் என்பான்? ஆனால் கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவையின் செயலாளர் சாவியோ அந்தப் பேரை அடித்துவிட்டார். கிறிஸ்துமஸ் பூசையில் நன்மை அப்பம் வாங்கப்போன வரிசையில் லூயிஸ் தடுமாறி, முன்னால் நின்ற சிலுவையம்மாள் மேல் விழுந்ததை அவர் மறக்கவில்லை.

"அடியாலதான் இப்டி ஆச்சுன்னு ஃபாதராண்ட சொல்லுங்களேன். வாயில இன்னா கொழுக்கட்டையா கீது?" என்றாள் ஐரீன்.

"வாங்கினவன் அத சொல்ல மாட்டான், ஐரீன். குத்தினவன் சொல்லலாம். அது அவனுக்குப் பெருமை."

அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் லூயிஸ் வியாசர்பாடிக்குப் போனார். கோதண்டத்துக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது, முட்டி இரண்டும் போயிருந்தது, தோள் மட்டும் இன்னும் அலமாரி அகலத்துக்கு இருந்தது. லூயிஸைக் கட்டிப்பிடித்து அழுதார். ஆனால் இந்த மனுஷன் அங்கேயும் விஷயத்தை உடைத்துச் சொல்லவில்லை.

"ஃபாதராண்ட வந்து ஒரு சாட்சி சொல்லணும் மாமு. நாம மோதிகினது பத்தி. எம்மேல கலீஜா பேசறானுங்க."

"உன் மானத்துல எவன் கை வெச்சான்? நான் உசுரோட கீறேன்ல? கெளம்பு நைனா" என்று அப்போதே சட்டையைத் தேடினார் கோதண்டம்.

ஃபாதர் வரச்சொன்ன புதன்கிழமை காலை, பங்கு அலுவலகத்தில் ஃபாதர் சைமன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாவியோ. எதிரே இரண்டு பழைய ஹெவி வெயிட்டுகள், பிளாஸ்டிக் நாற்காலி முனக முனக. ஐரீன் கதவோரம் நின்றாள்.

ஃபாதர் நல்லவர். பொறுமையாகத்தான் கேட்டார். "ஐயா, நீங்க அடிச்ச அடியாலதான் லூயிஸ் ஐயாவுக்கு இந்த நடுக்கம் வந்துச்சுன்னு அம்மா சொல்றாங்க. அது உண்மையா?"

கோதண்டத்தின் முகம் சிவந்தது. தன் எதிராளியின் தாடை பலமில்லாதது என்று யாரோ வந்து சொல்வதாகத்தான் அவர் காதில் விழுந்தது.

"எவன் சொன்னது? பதினாலு தபா இந்தக் கைய அந்தத் தாடைல எறக்கிக்கீறேன் பாதரு. கரிக் கெடங்கு சண்டைல எத்தினி மாடு மாரி ஆளுங்க இதுல சாஞ்சிக்கீறானுங்க தெரியுமா? இவன் ஒரு தபா முட்டி மடக்கல. என் அடி இவன இன்னா பண்ணும்? ஒண்ணும் பண்ணல!"

"அப்போ கை நடுங்கறது, பேச்சு குழறது எல்லாம்?" என்றார் சாவியோ.

கோதண்டம் லூயிஸைப் பார்த்து நல்ல கண்ணைச் சிமிட்டினார். "ஆம்பள ரெண்டு கிளாஸ் உள்ள வுட்டா கை ஆடத்தான் செய்யும். நானுந்தான் போடறேன். அது ஒரு பேஜாரா?"

அவர் கணக்கில் குடி ஒரு பெரிய விஷயமே இல்லை. அடி தாங்காதவன் என்ற பேர்தான் சாகும்வரை போகாத அசிங்கம். தோஸ்தை அந்த அசிங்கத்திலிருந்து காப்பாற்ற அவர் பொய் சொல்லவும் துணிந்தார்.

"அண்ணே! அவரு தொட்டதே இல்லண்ணே!" ஐரீன் கத்தியேவிட்டாள்.

கோதண்டம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "பொண்டாட்டியாண்ட எவன் சொல்லிகினு குடிப்பான், தங்கச்சி?"

லூயிஸ் எழுந்தார். ஒரே ஒரு வாக்கியம் போதும், இவன் அடி எனக்கு வலித்தது என்று. அத்தனை வருஷமாக விழுங்கி வைத்திருந்ததை வெளியே தள்ளப் பார்த்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, எச்சில் வழிந்து, என்னவோ ஒரு சத்தம்தான் வந்தது. சாவியோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உட்காருங்க ஐயா. அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார் ஃபாதர். எழுபத்தெட்டு வயது ஆளிடம் அடுத்த வருஷத்தைக் காட்டுவது எவ்வளவு சுலபம்!

வெளியே வந்ததும் கோதண்டம் அவர் முதுகில் தட்டினார். "உன் பேர காப்பாத்திட்டேன், பாத்தியா?" கெட்டவனாக இருந்தால் திட்டித் தொலைக்கலாம். இந்த மனுஷனை என்ன செய்வது? லூயிஸ் தலையை ஆட்டி, அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். வீடு வரும்வரை ஐரீன் இரண்டடி முன்னாலேயே நடந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலப் பூசைக்கு அவள் தனியாகவே போய் வந்தாள். லூயிஸின் நாற்காலியில் யாரை உட்கார வைத்தார்கள் என்று அவரும் கேட்கவில்லை. தண்ணீர் எடுக்க எழுந்தவருக்குக் கால் பின்னியது. ஐரீன் ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள். அவள் முகம் அவர் முகத்துக்கு நேராக வந்தது. உடனே விலகவில்லை. மூக்கு லேசாக விரிந்து, மூச்சு ஒரு தரம் உள்ளே போனது.

லூயிஸுக்குப் புரிந்துவிட்டது. கோதண்டம் பதினாலு சண்டையிலும் அவரை இப்படி அடித்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நேராக நின்று, வாயைத் திறந்து, மனைவியின் முகத்துக்கு நேரே ஊதிக் காட்டினார்.

ஐரீன் வேண்டாம் என்று சொல்லவில்லை. மோந்து பார்த்தாள்.