மருந்துக் கோப்பையில் அளந்த ஜின்

அந்தப் பழத்தைக் குளிக்கிற தண்ணீரில் போட வேண்டும் என்றுதான் எங்கள் மேலாளர் சொன்னார். குடிப்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் நான் தட்டச்சராக இருந்தேன். மேலாளர் ஆண்டு இறுதி விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது, தன் அம்மா வீட்டு மரத்தில் பறித்த பழங்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். பெயர் யூசு என்றார். பார்ப்பதற்குச் சின்ன நாரத்தங்காய் மாதிரி, மஞ்சளாக, தோல் மேடும் பள்ளமுமாக இருந்தது. "நோ ஈட். பாத். வெரி வார்ம்," என்று இரண்டு கைகளாலும் தன் தோள்களைத் தேய்த்துக் காட்டினார். சாப்பிட முடியாத பழம் யாருக்கு வேண்டும் என்று மற்றவர்கள் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு அந்த வாசனையை விட மனமில்லை. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். வீடு வந்து சேர்வதற்குள் பஸ் முழுக்க அதே மணம்.

அப்போது எங்கள் வீடு தேக்காச் சந்தைக்குப் பின்னால், அடுக்குமாடியில். நான், என் கணவர், அவருடைய அக்கா, மூன்று பேர். என் கணவர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதும் கிளார்க். அக்கா அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதி. நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர்களுடைய அம்மா சீக்கிரம் இறந்துவிட்டார். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வாங்குகிற கூலியெல்லாம் கள்ளுக்கடைக்குப் போனது. தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியது அக்காதான். அதனால் எனக்கு அவர் நாத்தனார் மட்டுமில்லை, மாமியாரும் அவர்தான்.

நான் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். எங்களுடையது பதிவுத் திருமணம். அக்கா எதிர்க்கவில்லை, ஆனால் என்னோடு அதிகம் பேசவும் இல்லை. சாப்டியா, துணி காயப்போட்டியா, கேட்டைப் பூட்டினியா. ஒரு நாளைக்கு எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. அவர் திட்டியிருந்தால்கூடப் பழகியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

பழங்களைச் சமையலறையில் கொட்டியதும் அக்கா அறையிலிருந்து வந்தார்.

"என்ன வாசனை இது?"

சொன்னேன். அக்கா ஒன்றைக் கையில் எடுத்து, நகத்தால் தோலைக் கீறி முகர்ந்தார். பிறகு அடுப்பில் வெந்நீர் வைத்தார். எங்கள் வீட்டில் தொட்டியா இருக்கிறது? சிவப்பு பிளாஸ்டிக் வாளிதான். அதில் வெந்நீர் ஊற்றி இரண்டு பழங்களை மிதக்கவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் கழித்துத் தலையில் துண்டோடு வந்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நைட் டூட்டி பார்த்த களைப்பெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல," என்றார். என்னிடம் அவர் சொன்ன முதல் நீளமான வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மிச்சப் பழங்களை ஊறுகாய் போடலாம் என்று அறுத்தோம். உள்ளே பெரும்பாலும் கொட்டை. பிழிந்தால் ஒரு கரண்டி சாறுகூட வரவில்லை, ஆனால் அந்த ஒரு கரண்டி சமையலறையையே நிறைத்துவிட்டது. தோலைப் போய் மிளகாய்ப் பொடியில் புரட்டுவது பாவம் என்று எனக்குப் பட்டது. மெல்லிசாக நறுக்கி, சாற்றோடு சேர்த்து, கண்ணாடி ஜாடியில் சர்க்கரை கொட்டி ஊறவைத்தோம். சில நாளில் அது தானாகவே பாகாக இளகியது.

அடுத்த சனிக்கிழமை எனக்கு அரைநாள் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அக்கா ஜாடியைத் திறந்து வைத்துக்கொண்டு, கூடத்திலிருந்த கண்ணாடி அலமாரியைப் பார்த்தபடி நின்றார். அலமாரியில் கல்யாணப் பரிசாக வந்த பீங்கான் தட்டுகளுக்கு நடுவில் ஒரு ஜின் பாட்டில் இருந்தது. யாரோ ஒரு கப்பல் அதிகாரி என் கணவருக்குக் கொடுத்தது. அவர் குடிக்கிறவரில்லை. அப்பாவைப் பார்த்து வளர்ந்தவர். நண்பர்கள் கூப்பிட்டாலும் சோடா குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். பாட்டில் அழகாக இருக்கிறதே என்று அலமாரியில் வைத்திருந்தோம், அவ்வளவுதான்.

"அது சும்மாதானே நிக்குது?" என்றார் அக்கா.

எனக்குப் புரியவில்லை. "எது அக்கா?"

"அந்த பாட்டில்தான்." அலமாரியைக் காட்டினார். "நான் டிரெய்னிங்ல இருந்தப்போ ஒரு வெள்ளக்கார மேட்ரன் இருந்தாங்க. தினம் சாயங்காலம் வராந்தாவுல உக்காந்து ஜின் குடிப்பாங்க. எலுமிச்சம்பழம் வெட்டி, ஐஸ் கொண்டாந்து வைக்கறது என் வேலை. ஒரு வாய் குடிச்சதும் அந்த அம்மா முகம் அப்படியே மாறிடும். பகல் பூரா எங்கள விரட்டின ஆளா இதுன்னு இருக்கும். அது எப்படித்தான் இருக்கும்னு இருபது வருஷமா எனக்கு ஒரு யோசனை."

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு அம்மா திராட்சை ஒயின் போடுவார். எனக்கு ஒரு கிளாஸ் பெரிய விஷயமில்லை. ஆனால் அக்கா! விபூதி இல்லாமல் வாசல் தாண்டாதவர். நான் பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மூடியை அவரே திருகினார்.

முதல் முயற்சி படுமோசம். டம்ளரில் ஜின்னை ஊற்றி, மேலே ஒரு ஸ்பூன் பாகு விட்டோம். ஆளுக்கு ஒரு வாய். அக்கா இருமிய இருமலில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஸ்பிரிட்ட குடிச்ச மாதிரி இருக்கு லா! இதுக்கா அந்த அம்மா அப்படிச் சிரிச்சாங்க?"

ஆனால் அவர் விடவில்லை. கைப்பையிலிருந்து மருந்து அளக்கும் சின்ன பிளாஸ்டிக் கோப்பையை எடுத்தார். அதில் ஒரு கோடுவரை ஜின், அதே கோடுவரை பாகு. கீழே பானக்கடையில் நான் ஒரு பை ஐஸ் வாங்கி வந்தேன். பால் வாங்குகிற எவர்சில்வர் தூக்கில் எல்லாவற்றையும் போட்டு, மூடியைத் துண்டால் இறுகக் கட்டி, அக்கா குலுக்கினார். ஐஸ் எவர்சில்வரில் மோதுகிற சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டிருக்கும். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி கேட் வழியாக எட்டிப் பார்த்து, "வாஹ், குக் வாட்?" என்றார். அக்கா குலுக்குவதை நிறுத்தாமல், "மெடிசின், ஆன்ட்டி!" என்றார்.

வடிகட்டியில் வடித்து, சோடா ஊற்றி, மேலே ஒரு தோல் துண்டைக் கிள்ளிப் போட்டோம். இந்த முறை யாரும் இருமவில்லை. முதலில் குளிர், பிறகு புளிப்பு, அப்புறம் ஆரஞ்சும் நாரத்தை இலையும் சேர்ந்தாற்போல் ஒரு மணம் மூக்குக்கு ஏறியது; ஜின் எங்கோ அடியில் இருந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகம் மாறியதா என்று நான் பார்த்தேன். மாறியது.

அதன்பின் சனிக்கிழமைப் பிற்பகல் எங்களுடையதாகிவிட்டது. கணவருக்கு அன்று இரவுவரை ஷிஃப்ட். இஞ்சிச் சாறு சேர்த்தோம், நன்றாக இருந்தது. ஏலக்காய் சேர்த்தோம், பாயசம் கெட்டுப்போனது மாதிரி ஆனது. சீனர் கடையில் விற்கும் உப்புப் போட்ட புளிப்பு பிளம்ஸ், 'அசாம் போய்' என்பார்கள், அதில் ஒன்றை நசுக்கிப் போட்டதுதான் அக்காவுக்கு மிகவும் பிடித்தது. ஆளுக்கு ஒரு கிளாஸ். இரண்டாவது என்ற பேச்சே இல்லை. தைப்பூசத்துக்கு என் கணவர் விரதம் இருந்த நாட்களில் அக்கா தூக்கைத் தொடவில்லை.

குடித்ததைவிடப் பேசியதுதான் அதிகம். அப்படி ஒரு சனிக்கிழமைதான் அவர் அந்த மனிதரைப் பற்றிச் சொன்னார். தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். மனைவி நோயில் விழுந்து அக்காவின் வார்டில் பல மாதம் கிடந்து இறந்துபோனார். அதன்பின் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வார்டுக்குக் கேக் கொண்டுவருவார். போன வருடம் கேக்கை வைத்துவிட்டு, என்னைக் கட்டிக்கிறீங்களா என்று கேட்டுவிட்டார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வார்டு ரவுண்ட்ஸ் இருக்குன்னு சொல்லிட்டு ஓடிட்டேன்." அக்கா சிரித்தார். அப்புறம், "அவரு உங்க ஆளுங்க. கத்தோலிக்கு," என்றார்.

"பிடிச்சிருக்கா அக்கா?"

ஐஸ் கரைந்த தண்ணீரைக் கிளாஸில் சுற்றிக்கொண்டே இருந்தார். "பிடிக்காமலா இத்தனை நாளா யோசிச்சிட்டு இருக்கேன்?"

அந்த நேரத்தில்தான் பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. கப்பல் வருவது தாமதமானதால் என் கணவரைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். உள்ளே வந்தவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மேசையில் பாதி காலியான ஜின் பாட்டிலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றக்கூட இல்லை.

"அக்கா, நீங்களா?"

"நானேதான். உக்காரு."

"அப்பா குடிச்சிட்டு வந்து நின்னதெல்லாம் மறந்துட்டீங்களா?"

"நான் மறப்பேனா? ட்ரெயின்ல விழுந்து கிடந்தவர தூக்கியாந்தது நான்தானே." சாலையோரச் சாக்கடையை அப்போதெல்லாம் எல்லோரும் ட்ரெயின் என்றுதான் சொல்வோம். "அப்பா விழற வரைக்கும் குடிச்சாரு. நான் வாரத்துக்கு ஒரு தடவ, இந்த மருந்துக் கப்புல ஒன்னு. அவ்வளவுதான் லா. எனக்குப் பிடிச்சிருக்கு."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். நேராக அறைக்குள் போனார். அந்த வாரம் முழுக்க வீட்டில் ரேடியோ மட்டுமே பேசியது.

அடுத்த சனிக்கிழமை அவர் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். காவலுக்கு உட்கார்ந்த மாதிரிதான் எனக்குப் பட்டது. அக்கா தூக்கை எடுக்கவில்லை. நேராக அவர் எதிரில் உட்கார்ந்து ரயில் நிலையத்துக்காரரைப் பற்றிச் சொன்னார். கேக்கிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார்.

என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "இந்த வயசுல... அதுவும் வேற மதம். வெளியில என்ன பேசுவாங்க அக்கா?"

நான் காபி கலக்கிக்கொண்டிருந்தேன். என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது. "என்னங்க, நான் எந்த மதம்?"

அவர் முகம் சிவந்துவிட்டது. எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சந்தைப் பக்கம் திரும்பினார். அக்கா என் தோளில் கை வைத்தார். காபி ஆறிப்போன பிறகுதான் அவர் வந்தார். கையில் அக்காவுக்குப் பிடித்த புட்டு மாயாம், தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்ட இடியாப்பம், ஒரு பொட்டலம். மேசையில் வைத்துவிட்டு, "நாளைக்கு வரச் சொல்லுங்க. நான் பாக்கணும்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அந்த மனிதர் வந்தார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் தடவி வாரிய தலை, கையில் ஒரு கேக் டின். ஐம்பதை நெருங்கியிருப்பார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எதிரில் என் கணவர், அவரும் நுனியில்.

பெண் பார்க்க வந்தால் காபி கொடுப்பார்கள். அக்கா தட்டில் நான்கு கிளாஸ் கொண்டுவந்தார், ஒவ்வொன்றிலும் ஐஸும் மஞ்சள் தோலும். ஜாடியில் மிச்சமிருந்த பாகு அன்றோடு தீர்ந்தது. "இது தம்பிக்கு, வெறும் சோடா," என்று ஒன்றைத் தனியாக வைத்தார்.

வந்தவர் ஒரு வாய் குடித்தார். "ரொம்ப நல்லா இருக்கு. என்ன பழம்?" என்றார். அக்கா யூசு பற்றிச் சொன்னார். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு என் கணவர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, என் மனைவிக்குக் கடைசி மாசம் தண்ணிகூட இறங்கல. உங்க அக்கா ஐஸ்ல எலுமிச்சம்பழம் தொட்டு உதட்டுல வைப்பாங்க. டூட்டி முடிஞ்சும் இருப்பாங்க. அப்பவே நெனச்சேன், இவங்கள யாரு பாத்துக்குறாங்கன்னு. வேற ஒன்னும் இல்ல."

என் கணவர் தொண்டையைச் செருமினார். "நீங்க சர்ச், அக்கா கோயில். அது எப்படி?"

"அதத்தான் உங்கள கேக்கலாம்னு வந்தேன். நீங்க எப்படி சமாளிக்கிறீங்க?"

என் கணவர் இதை எதிர்பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "அது... வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போவேன். ஞாயித்துக்கிழமை இவ சர்ச்சுக்குப் போவா. போகும்போது நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போவேன். வேற என்ன? ஒன்னும் பெரிசா இல்ல."

சொல்லி முடித்ததும் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி நிறுத்தினார். பிறகு சிரித்துவிட்டார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, "கேக்க வெட்டுங்க லா," என்றார்.

சில மாதம் கழித்துப் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம். சாட்சிக் கையெழுத்து நானும் என் கணவரும். அக்கா மயில்நீலப் பட்டு கட்டியிருந்தார். தேக்காவில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, அன்றே இருவரும் ரயிலில் மலேசியாவிலுள்ள ஈப்போவுக்குக் கிளம்பினார்கள். மாப்பிள்ளையின் தங்கை அங்கே இருந்தார்.

அடுத்த டிசம்பருக்குள் எங்கள் மேலாளரை வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள், பழம் வரவில்லை. அக்கா சந்தையில் லிமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சை வாங்கி அதே மாதிரி சர்க்கரையில் ஊறவைத்தார். அந்த மணம் இல்லை, ஆனாலும் பரவாயில்லை என்றார். அவர்கள் வீடு தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் போவோம். என் கணவரும் அந்த மனிதரும் துறைமுகத்தையும் ரயிலையும் பற்றி விடாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். நானும் அக்காவும் சமையலறையில் மீன் பொரிப்போம். அப்போதெல்லாம் அக்கா பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். நான்தான் நடுவில் புகுந்து, மீன் கருகுது அக்கா, என்று சொல்ல வேண்டியிருக்கும்.