புகார்கள்: இல்லை

வருஷா வருஷம் ஜூன் மாதம் ஆல்வென் ப்ரோபர்ட் ஓர் அறிக்கை எழுதுவாள். ஊர் நிர்வாகமான கவுன்சிலின் முதியோர் நலப் பிரிவில், அந்த மண்ணின் சொந்த மொழியான வேல்ஷ் எந்த அளவுக்குப் புழங்குகிறது என்று சொல்லும் அறிக்கை. பதினெட்டுப் பக்கம். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு: 'வேல்ஷில் சேவை கிடைக்கவில்லை என்று வந்த புகார்கள்'. ஒன்பது வருஷமாக அந்தக் கட்டத்தில் அவள் ஒரே சொல்லைத்தான் எழுதிவந்தாள். இல்லை. மேலே இருப்பவர்கள் அதைப் பார்த்துக் குளிர்ந்துபோவார்கள். புகார் இல்லையென்றால் குறையும் இல்லை என்று நினைக்கிற ஆட்களை என்ன சொல்வது? பேச்சு எடுபடாமல் போனவன் எந்த வாயால் வந்து புகார் கொடுப்பான்?

ஆல்வென் பஸ் டிரைவர் மகள். வீட்டில் வேல்ஷ், ஜெபக்கூடத்தில் வேல்ஷ், கோபம் வந்தாலும் வேல்ஷ். ஆனால் இருபத்து மூன்று வயதில் கவுன்சிலின் டெலிபோன் மேஜையில் உட்கார்ந்த நாளிலிருந்து, அந்தக் கட்டடத்தின் படியேறினால் ஆங்கிலம். யாரும் அப்படிச் சொல்லவில்லை. எல்லோரும் அப்படி இருந்தார்கள், அவளும் இருந்தாள். பிறகு சட்டம் வந்தது. ஒவ்வொரு பிரிவும் மக்கள் கேட்பதற்கு முன்பே வேல்ஷில் பேச முன்வர வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். யாரும் கையைத் தூக்கவில்லை. "உங்களுக்குத்தான் எழுதக்கூட வருமே" என்று சொல்லி ஆல்வென் தலையில் கட்டினார்கள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்தொன்று.

வேலையை அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வேல்ஷ் தெரிந்தவர்கள் சட்டையில் குத்திக்கொள்ள ஆரஞ்சு நிறப் பேட்ஜ்கள் வாங்கி வைத்தாள். பாதிப் பேட்ஜ்கள் இன்னும் அவள் மேஜை இழுப்பறையிலேயே கிடக்கின்றன. குத்திக்கொண்டால் கூடுதல் வேலை வரும் என்று பயந்தவர்கள் ஒரு பக்கம். "என் வேல்ஷ் சமையலறை வேல்ஷ், ஆபீசுக்கு ஆகாது" என்று கூசியவர்கள் இன்னொரு பக்கம். அவள் டீ போடப் போனாலே, "உஷ், மொழிப் போலீஸ் வருது, நல்லபடியாப் பேசுங்க" என்று யாராவது சொல்வார்கள். அவளும் சிரித்து வைப்பாள். உள்ளுக்குள் வலிக்கும்.

இந்த ஊர்க்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவரை முதல்முதலாக எந்த மொழியில் பார்த்துப் பேசினோமோ, சாகும்வரை அந்த மொழிதான். நடுவில் மாற்றினால் சொந்தக்காரர் முன்னால் வேஷம் போட்டுக்கொண்டு நிற்பது போலக் கூசும். ஆல்வெனின் மேலதிகாரி ஹெவின் மலைப்பக்கத்து ஆள். அவருக்கும் தாய்மொழி வேல்ஷ்தான். இருவரும் முதலில் சந்தித்தது அவர் இந்தப் பிரிவுக்கு வந்தபோது நடந்த ஒரு நேர்காணலில், ஆங்கிலத்தில். அதனால் இருபத்தொரு வருஷமாக ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டார்கள். வேல்ஷைப் பரப்பும் அதிகாரி, வேல்ஷ் தெரிந்த மேலதிகாரியிடம், வேல்ஷ் எப்படிப் பரவுகிறது என்று ஆங்கிலத்தில் விளக்குவாள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல.

பிப்ரவரியில் ஒரு நாள் மதியம் அவளுக்கு ஒரு போன் வந்தது. மாவட்ட எல்லைக்கு அப்பால், கடலோர ஊர் ஒன்றில் இருக்கும் முதியோர் இல்லத்திலிருந்து. பேசியவள் மரிசெல் என்ற பணிப்பெண், பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவள்.

"மேடம், உங்க கவுன்சில் அனுப்பின ஒருத்தர் இங்க இருக்காரு. மிஸ்டர் ரோலண்ட்ஸ். பக்கவாதம் வந்தவரு. அர்த்தமில்லாம உளர்றாருன்னு எழுதி வச்சிருக்காங்க. எனக்கு அப்படித் தெரியல மேடம். அது ஏதோ பாஷை. எங்க அம்மாகிட்ட நான் போன்ல பேசினா, இங்க இருக்கவங்களுக்கு அதுவும் உளறலாத்தான் கேக்கும்."

"அவரு படிவத்துல என்ன மொழின்னு போட்டிருக்கு?"

"இங்கிலீஷ்னுதான் போட்டிருக்கு. இங்க மேல இருக்கவங்களுக்கு மூணு தடவை எழுதிக் கேட்டேன். இங்கிலீஷ்னு இருக்கே, அப்புறம் என்னங்கிறாங்க."

ஆல்வென் மறுநாள் காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு போனாள். ஜன்னலோரம் நாற்காலியில் ஒரு பெரிய உருவம் சாய்ந்து கிடந்தது. அமைதிப்படுத்தும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். காலைத் தொட்டால் உதைக்கிறார் என்று தடித்த கம்பளிக் காலுறையை மாற்றாமலே விட்டிருந்தார்கள். மேஜை மேலிருந்த ஏட்டில் 'முரடர்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். ஆல்வென் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, வேல்ஷில், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

அந்த மனிதரின் முகம் மெல்லத் திரும்பியது. பாதி வாய்தான் அசைந்தது, ஆனால் பேச்சு புரிந்தது.

"நீ யாரு வீட்டுப் பொண்ணு?"

"வில் பஸ்ஸோட பொண்ணுங்க."

"வில் பஸ்ஸா! மழை நாள்ல பென்லான் கேட் வரைக்கும் பஸ்ஸைக் கொண்டாந்து விடுவானே, அவன் மகளா நீ?"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அந்தப் பக்கத்தில் குடும்பப் பெயரை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். பண்ணைப் பெயர்தான் ஆளுக்குப் பெயர். இவர் ரோலண்ட்ஸ் இல்லை, இத்வல் பென்லான். வேலியோரம் நின்றுகொண்டு அவள் அப்பாவிடம் முக்கால் மணி நேரம் வானிலை பேசிய இத்வல் பென்லான். பண்ணையை விட்டுவிட்டு டவுனில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்த பிறகு, பென்லான் என்ற பெயர் காகிதத்தில் எங்கும் இல்லாமல் போயிருந்தது. பக்கவாதம் அவருடைய ஆங்கிலத்தைத் துடைத்து எடுத்துவிட்டு வேல்ஷை மட்டும் விட்டு வைத்திருந்தது.

"கால் எரியுது கண்ணு," என்றார் இத்வல். "சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். இங்க இருக்கவங்க நல்ல புள்ளைங்கதான். ஆனா பாவம், அத்தனையும் செவிடு."

"எந்தக் கால்? நான் பாக்கட்டுமா?"

"பாரு. நீ கேட்டியே, பாரு."

அவர் உதைக்கவில்லை. அவள் மெதுவாகக் காலுறையைக் கழற்றினாள். குதிகால் கறுத்துக் குழி விழுந்திருந்தது. நாற்றம் குப்பென்று வந்தது. பக்கத்தில் நின்ற மரிசெல் வாயைப் பொத்திக்கொண்டாள். இங்கே வந்த மூன்று வாரமாக அந்த மனிதர் கால் எரிகிறது என்று சுத்தமான வேல்ஷில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். ஆல்வெனுக்கு அழுகை வரவில்லை. காலுறையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது. ஆல்வென் யார் யார் காலையோ பிடித்து, வேல்ஷ் பேசும் சொந்த ஊர் முதியோர் இல்லத்திலேயே ஓர் அறை வாங்கிவிட்டாள். வியாழக்கிழமை அழைத்துவரலாம் என்றார்கள். செவ்வாய்க்கிழமை இத்வல் போய்விட்டார். கடைசி இரண்டு நாள் ஆடுகளை யார் உள்ளே அடைத்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "நான் அடைச்சிட்டேன், எல்லாம் பத்திரமா இருக்கு" என்று அவள் ஒவ்வொரு தடவையும் சொன்னாள். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அடக்கத்துக்குப் பதினான்கு பேர் வந்தார்கள்.

ஏப்ரலில் அவள் இத்வலின் கோப்பைத் தேடி எடுத்தாள். எந்த மடையன் ஆங்கிலம் என்று போட்டான் என்று தெரிந்தாக வேண்டும். அவனை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்றிருந்தாள். பதினொரு வருஷத்துக்கு முந்தைய படிவம் அது. குளியலறையில் ஒரு கைப்பிடி வைத்துத் தரும்படி அவர் கேட்டிருந்தார். அலுவலகத்திலிருந்து போனில் கூப்பிட்டு விவரம் வாங்கியிருந்தார்கள். விரும்பும் மொழி: ஆங்கிலம். அந்தக் கட்டத்தைத்தான் அதன் பிறகு வந்த ஒவ்வொருவரும் கேள்வி கேட்காமல் நகலெடுத்திருந்தார்கள். குறிப்பு என்ற இடத்தில், 'மிக மரியாதையான மனிதர். நல்ல ஆங்கிலம்' என்று எழுதியிருந்தது. கீழே இரண்டு எழுத்து. ஆ.ப்.

அவள் கையெழுத்துதான். அந்த போன் அவளுக்கு ஞாபகமே இல்லை. எத்தனை யோசித்தும் ஒரு வார்த்தைகூடத் திரும்ப வரவில்லை. ஆனால் எப்படி நடந்திருக்கும் என்று தெரியும். மிஸ்டர் ரோலண்ட்ஸா என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டிருப்பாள். கவுன்சில் என்றதும் அவர் குரலைச் சரிசெய்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லியிருப்பார். தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நினைக்கிற தலைமுறை. ஒரே ஜெபக்கூடத்துப் பாட்டுகளைப் பாடி வளர்ந்த இரண்டு பேர், ஒருவருக்கொருவர் மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு, அந்நியர்களைப் போலப் பேசி முடித்திருக்கிறார்கள். பதவிக்கு வந்த முதல் வருஷம் அவள், பழைய படிவங்களில் உள்ள எல்லோரிடமும் என்ன மொழி வேண்டும் என்று திரும்பக் கேட்க வேண்டும் என்று சொன்னாள். அவ்வளவு வேலைக்கு ஆள் இல்லை, புதியவை போதும் என்றார் ஹெவின். அவளும் சரி என்று தலையாட்டினாள்.

ஜூன் வந்தது. அறிக்கையின் கடைசிக் கட்டத்தில் அவள் 'ஒன்று' என்று எழுதி, பக்கத்தில் இத்வலின் பெயரையும் போட்டு, எடுத்துக்கொண்டு ஹெவின் அறைக்குப் போனாள். வாசலில் ஒரு கணம் நின்றாள். பிறகு உள்ளே போய் வேல்ஷில் பேச ஆரம்பித்தாள். நெற்றி வியர்த்துவிட்டது.

ஹெவின் திகைத்துப் போய் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னார். "என்ன ஆச்சு உங்களுக்கு? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். கடைசிப் பக்கத்தப் பாருங்க."

அவர் பார்த்தார். "யாரு புகார் கொடுத்தது? அந்த ஆளுக்குச் சொந்தம் யாரும் இல்லையே. பொதுமக்கள்தானே புகார் கொடுக்கணும்."

"நான் கொடுக்கறேன். நானும் இந்த ஊர்ல வரி கட்டறவதான்."

"யாரு மேல?"

"படிவத்த நிரப்பினவ மேல. அதான், என் மேல. திரும்பக் கேக்க வேணாம்னு சொன்னவங்க மேலயும்."

ஹெவின் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வந்து, தன் நாற்காலியில் உட்காராமல் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு வேல்ஷில் பேசினார். நல்ல வேல்ஷ், மலைப்பக்கத்து இழுவை, இத்வலுடைய அதே இழுவை.

"ஆல்வென், இங்க பாரும்மா. நீ நல்லவ. உன்னையே ஏன் இப்படிச் சுட்டுக்கற? போனவரு போயிட்டாரு. இதை எழுதினா நாளைக்கு உன் வேலைக்கும் ஆபத்து, என் வேலைக்கும் ஆபத்து, அந்த இல்லத்துக்காரங்களுக்கும் தலைவலி. அந்த 'ஒன்று'ங்கறத அடிச்சிடு. நமக்குள்ள இருக்கட்டும்."

இருபத்தொரு வருஷமாக அந்த மனிதர் தன்னிடம் தாய்மொழியில் ஒரு வார்த்தை பேசமாட்டாரா என்று அவள் ஏங்கியிருக்கிறாள். இப்போது பேசிவிட்டார். அதுவும் இதை மறைக்கச் சொல்வதற்காக.

"முடியாது," என்றாள். தன் மேஜைக்குப் போய் அறிக்கையை அப்படியே மேலே அனுப்பினாள்.

செப்டம்பரில் அறிக்கை அச்சாகி வந்தது. சட்டப்படி வேல்ஷ் முன்னால், ஆங்கிலம் பின்னால், ஓர் எழுத்துப் பிழை இல்லை. கடைசிப் பக்கத்தில் கட்டம் இருந்தது. புகார்கள்: இல்லை. அதன் அடியில் பொடி எழுத்தில், பணியாளர்கள் தரும் புகார்கள் கணக்கில் சேராது என்று ஒரு வரி. அதற்கும் கீழே, தயாரித்தவர் என்ற இடத்தில், ஆல்வென் ப்ரோபர்ட் என்று அவள் பெயரைப் போட்டிருந்தார்கள்.